திட்டிக்கொண்டிருந்த அம்மா

அண்ணன் பேத்தி மேரி ஒரு பழைய புகைப்படத்தை ஸ்கிரீன் பிரிண்டாக அச்சடித்துக் கண்காட்சியில் மாட்டியிருந்தாள். மை வாசனை இன்னும் போகவில்லை. அதில் என் அம்மாவின் முகம், வாய் திறந்தபடி, ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"பாட்டு பாடுறாங்க இல்ல?" என்றாள் மேரி. எனக்கு எரிச்சலாக வந்தது. பாட்டாவது!

அந்தக் காலத்தில் யுத்தத்துக்குப் போயிருந்த சவரி அண்ணன், அம்மா படம் வேண்டுமென்று எழுதியிருந்தான். செஞ்சிக் கோட்டையைப் படமெடுக்க வந்த ஒருவரை எங்கள் நைனா, அதாவது அப்பா, சொல்லாமல் கொள்ளாமல் அழைத்து வந்துவிட்டார். வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தலையெல்லாம் தோல் தூசி.

"இன்னாய்யா மனுசன் நீ! முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று அவள் நைனாவைப் பார்த்துக் கத்தும்போதே கேமரா சொடுக்கியது. வந்தவரிடம் அதுதான் கடைசி பிலிம். அம்மா எவ்வளவு தடுத்தும் நைனா அந்தப் படத்தையே தபாலில் அனுப்பினார்.

"அம்மா திட்டுறது காதுல கேக்குது. வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்குது" என்று அண்ணன் பதில் எழுதினான்.

அம்மாவுக்கு ஆத்திரம் கூடியது. "திட்டுறது மட்டும்தான் அவனுக்கு ஞாபகமா?"

சண்டை முடிந்து அண்ணன் உயிரோடு வந்தான். கட்டிக்கொண்டு அழுத அம்மா, கண்ணைத் துடைத்ததும் கேட்டாள்: "அந்தப் படம் எங்கடா? கிழிச்சுப் போடணும்."

"தரமாட்டேன்" என்று சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். கடைசிவரை தரவேயில்லை.

இப்போது மேரி அதில் முப்பது பிரதி அடித்திருக்கிறாள்.

"உங்களுக்கு ஒண்ணு வேணுமா தாத்தா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.