பித்தளைக்காரியின் ஆவி அறை

என் தம்பி பெண்டாட்டியை வீட்டில் பித்தளைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குக் கிளம்பும்போது தலையில் ஹேர்பின் கிடையாது, பையில் சாவிக்கொத்து கிடையாது. இரும்பு என்றாலே அவளுக்கு ஆகாது, எதுவும் பித்தளையில் இருக்க வேண்டும். நானோ தையல்காரி. குண்டூசி இறைந்து கிடக்கிற வீட்டில் வந்து வாழ்க்கைப்பட்டாள், பாவம்.

அவள் வேலை, ஒளியைப் பிடித்து வைப்பது. விரல் நீளக் கண்ணாடிக் குப்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத உலோக ஆவி. ஒளித்துளி கொண்டுவரும் செய்தியை அந்த ஆவியின் அணுக்களிடம் ஒப்படைத்து, கேட்டதும் அப்படியே திருப்பி வாங்க வேண்டும். நடுவில் எட்டிப் பார்த்தால் செய்தி கெட்டுவிடும். நகலும் எடுக்க முடியாது. ஆய்வகத்தில் பக்கத்து அறைக்காரர்கள் இதற்கு ஆளுயரக் குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறார்கள். இவள், நாம் டீ குடிக்கிற அறையின் சூட்டிலேயே செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அணுக்களோ வாங்கிய வேகத்தில் மறந்தன. பக்கத்தில் துளி இரும்பு இருந்தாலும் அவற்றுக்கு ஞாபகம் தப்பிவிடுமாம்.

"வெள்ளிக்கிழமை செஞ்சு காட்டுங்க. இல்லன்னா ரூமைக் குளிர்ப்பெட்டிக்காரங்களுக்குக் குடுத்துடுவேன்" என்றுவிட்டார் துறைத்தலைவர். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன் மாலை உம்மென்று என் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் காந்தத்தைத் தரையில் ஓட்டிக் குண்டூசி பொறுக்கினேன். அதையே பார்த்தவள் விருட்டென்று எழுந்து ஆய்வகத்துக்கு ஓடினாள். திரும்பியபோது கைக்குட்டையில் ஒரு பிடி ஸ்க்ரூ.

"அண்ணி, காந்தத்தைக் குடுங்க!"

குப்பியைத் தாங்குகிற பிடியின் ஸ்க்ரூக்கள். எல்லாமே மஞ்சளாக மின்னின. ஒவ்வொன்றின் அருகிலும் காந்தத்தைக் கொண்டுபோனாள். ஒன்று மட்டும், அடக் கடவுளே, துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது! மேலே பித்தளை முலாம், உள்ளே இரும்பு.

"நான்தான் மாட்டினேன் அண்ணி. நிஜமானது மேஜைக்கு அடியில உருண்டு போச்சு. இப்போதைக்கு இருக்கட்டும்னு டப்பாவுல கெடந்ததைப் போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பித்தளைக்காரின்னு பேரு வேற!" என்றேன்.

அன்றிரவே அசல் ஸ்க்ரூவைத் தேடியெடுத்து மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை நானும் போனேன். வாசலிலேயே என் ஹேர்பின்களைப் பிடுங்கிக்கொண்டாள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒளி உள்ளே போனது. காத்திருந்து கேட்டாள், ஆவி திருப்பிக் கொடுத்தது. மறுபடி கேட்டாள், மறுபடி கொடுத்தது. அனுப்பியதும் வந்ததும் ஒன்றே என்று திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. குளிர்ப்பெட்டிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

தலைவர் கட்டிய கையை அவிழ்த்தார். "ரூம் உங்களுக்கே."

"பத்தாது சார்" என்றாள் எங்கள் பித்தளைக்காரி. "பக்கத்து ரூமும் வேணும்."