சுவரோரம் மகிழா

செவ்வாய்ப்பேட்டை கௌசியா டீச்சர் இளம்பிள்ளை ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். கண் தெரியாத, காதும் கேட்காத ஏழு வயது மகிழாவுக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுத்தர ஏழு மாதமாக அலைகிறாள். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் ‘வேணும்’. அவ்வளவுதான். இன்றும் குழந்தை தட்டாவிட்டால், வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்கள் பள்ளியில். பன்னிரண்டு வருட அனுபவமாம், என்னத்துக்கு ஆச்சு!

பந்து, மணி, வெல்லம் என்று எதைக் கொடுத்தாலும் மகிழா வீசியெறிவாள். ஓடிப்போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொள்வாள். கௌசியா அவளை மறுபடி பாயில் உட்காரவைக்க இழுத்து வருவாள். வரும்போதெல்லாம் இதே மல்லுக்கட்டு. இன்றும் இழுத்தாள். மகிழா கையைக் கடித்துவிட்டாள்.

“உடுங்க டீச்சர். பெத்த எனக்கே ஒன்னும் புரியலீங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?” என்றாள் தாய் சரிதா. அழக்கூட அவளிடம் தெம்பில்லை.

கௌசியா கையை உதறிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். முதுகில் திடும் திடுமென்று இடித்தது. பக்கத்து வீட்டு மணியனின் விசைத்தறி. கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பல்வரைக்கும் அதிர்ந்தது.

யா அல்லா! தனக்கு என்ன பிடிக்கும் என்று குழந்தை ஏழு மாதமாகக் காட்டியிருக்கிறாள். நான்தான் மடச்சி, இழுத்து இழுத்து வந்திருக்கிறேன்!

பக்கத்தில் உட்கார்ந்து, பிஞ்சுக் கையைத் தன் உள்ளங்கையில் இரண்டு முறை தட்டவைத்தாள். பிறகு சுவரில் வைத்தாள். ஒரு மணி நேரம் இதையே செய்தாள். மகிழா மரக்கட்டையாக இருந்தாள்.

திடீரென்று தறி நின்றது.

மகிழா சுவரைத் தடவினாள், அறைந்தாள், வீறிட்டாள். பிறகு கௌசியாவின் கையைத் துழாவிப் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள்.

“சரிதா! புள்ள வேணும்னு கேட்டுட்டா!”

“கரண்ட் போயிருச்சுங்களே டீச்சர். பொழுதோட அஞ்சு மணிக்குத்தான் வருமாமுங்க.”

கௌசியாவுக்குப் பகீரென்றது. முதன்முதலாகக் கேட்டிருக்கிறாள். கேட்டும் கிடைக்காவிட்டால் இனி எதற்குக் கேட்பாள்? கையை மடக்கிச் சுவரில் இடித்தாள். திடும், திடும். மகிழா அழுகையை நிறுத்திக் கன்னத்தை ஒட்டினாள். இடி நின்றதும் மறுபடி இரண்டு தட்டு. மறுபடி இடித்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

“என் கை போச்சு சரிதா, நீ வா!”

சரிதா ஓடிவந்து இடித்தாள். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். சின்னக் கை துழாவி வந்து வளையல் கையைப் பிடித்து, இரண்டு தட்டு தட்டியது.

ஏழு வருடத்தில் மகள் அவளிடம் கேட்ட முதல் பொருள். சரிதா கதறிக்கொண்டே சுவரை இடித்தாள்.