கொத்தனாரிடம் கற்ற மொழி

சுகாதார நிலையத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் போதும், வாண்டுகள் எல்லாம் அம்மாக்களின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிடும்.

எதையும் அப்படியே விட்டுவிடாத குணம் அவளுக்கு. ஒரு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கோடு குழந்தைகள் வரிசை வரிசையாக வந்தார்கள். மருந்து கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. அவளோ வந்தவர்களிடமெல்லாம் "எந்தக் குழாய்ல தண்ணி பிடிக்கிறீங்க?" என்று கேட்டுவைத்தாள். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தெருக்களை வரைந்து, நோய் வந்த வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தாள். ஒன்பதாம் நாள் பார்த்தால், இருபத்தேழு புள்ளியில் இருபத்திரண்டு ஒரே குழாயைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி நின்றன. தோண்டினார்கள். குடிநீர்க் குழாயில் விரல் நுழையும் விரிசல், ஒட்டினாற்போலச் சாக்கடை. குழாயை மாற்றினார்கள். பத்து நாளில் அவள் அறை வாசலில் ஈ காக்கை இல்லை.

பெரிய டாக்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "நீங்க செஞ்சிருக்கிறதுக்குன்னு ஒரு படிப்பே இருக்கும்மா. பொதுச் சுகாதாரம். அதை ஆத்துல இறங்கி, சேத்துல நடந்து சொல்லிக்குடுக்கிற இடம் ஒண்ணு எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் போகணும். ஒரு வருஷம். போறீங்களா?"

நாற்பத்தொரு வயதில் யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? அவள் வாய் யோசிப்பதற்கு முன்னாலேயே "போறேன் சார்" என்றது.

நாலு மாதம் கழித்துச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி போடும்போது குழந்தைக்கு முன்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அழ வேண்டிய குழந்தை மறந்துபோய் அவளையே பார்த்தது.

அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன். கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

"அப்ப நான் சமைக்கக் கத்துக்கணும். இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் இளைக்கணும்."

"ரெண்டும் நடக்கும்ப்பா" என்றாள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்.

கணவனின் அண்ணனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "வெளிநாடுன்னா நம்மள விட ஒசந்த நாட்டுக்குப் போவாங்க. நீ போற நாட்டுக்காரங்க பிழைக்க வழியில்லாம இங்க வந்து செங்கல் அடுக்குறாங்க. நீ அங்க போயிப் படிக்கப் போறியா? கடல் தண்ணியக் குடிச்சுத் தாகம் தீர்த்த கதையால்ல இருக்கு!"

அவளுக்குச் சுருக்கென்றது. "இல்ல அத்தான். வசதியான நாட்டுல மிஷினை வச்சுக் கத்துக்கிட்டு வந்தா, இங்க அந்த மிஷினுக்கு எங்க போவேன்? கையில ஒண்ணும் இல்லாமலே நோயைத் தடுக்கிறவங்ககிட்டதானே நான் கத்துக்கணும்?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆனால் அவர் சொன்ன செங்கல் அவள் மண்டைக்குள் நின்றுகொண்டது. சுகாதார நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்கிற கொத்தனார் அந்த நாட்டுக்காரர்தான்; இங்கே வந்து பல வருஷமானதில் நம் பேச்சு அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது. மறுநாள் சாயங்காலம் பணி முடிந்ததும் நேரே அங்கே போய் நின்றாள்.

வெள்ளை உடையைப் பார்த்ததும் கொத்தனார் பதறினார். "தூசி ரொம்ப வருதாக்கா? நாளைக்கே படுதா கட்டிடுறேன்."

"தூசி கிடக்கட்டும் தம்பி. உங்க மொழியில, 'எத்தனை தடவை வயித்தால போச்சு'ன்னு எப்படிக் கேக்கணும்?"

கொத்தனாரின் கையிலிருந்த கரண்டியிலிருந்து கலவை பொத்தென்று விழுந்தது. "அக்கா, அதெல்லாம் பொம்பளைங்ககிட்ட எப்படி..."

"நான் நர்ஸ். சும்மா சொல்லுங்க."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். சாரத்தின் மேலே நின்ற அவருடைய ஊர்க்காரர்கள் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் பாடம். முதல் மாடிச் சுவர் முடிவதற்குள் எண்களும் கிழமைகளும் வந்துவிட்டன. இரண்டாம் மாடி எழும்பும்போது காய்ச்சல், வாந்தி, குடிதண்ணீர். பதிலுக்கு அவர்களுடைய கைகால் காயங்களுக்கு அவள் மருந்து வைத்துக் கட்டினாள்.

ஒருநாள் கணவனின் அண்ணன் கேட்டதையே கொத்தனாரும் கேட்டார். "ஊரு உலகமெல்லாம் கிடக்கு, எங்க நாட்டுக்கு எதுக்குக்கா?" அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைக் கழுவிவிட்டு வந்து செங்கல் மேல் உட்கார்ந்தார்.

"எங்க ஊரு ஆத்து நடுவுல இருக்கு. வெள்ளம் வந்தா ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை நாள். என் தங்கச்சிக்கு அப்ப ரெண்டு வயசு. வாந்தியும் பேதியும். கண்ணு உள்ள போயிடுச்சு, அழுதா கண்ணீர் வரல. அப்ப படகுல ஒரு அம்மா வந்தாங்க. டாக்டரும் இல்ல, மருந்தும் கொண்டுவரல. எங்கம்மா கையைப் பிடிச்சு, இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு உப்பு, இவ்வளவு சர்க்கரைன்னு அளவு சொல்லிக்குடுத்தாங்க. பகல் பூரா ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினோம். தங்கச்சிக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க. அந்த அம்மாவை யாரோ ஒரு இடத்துல படிக்க வச்சிருப்பாங்கல்லக்கா? நீங்க அங்கதான் போறீங்க."

அவளுக்குப் புல்லரித்துப்போயிற்று. அன்று வீட்டுக்குப் பஸ் ஏறாமல் நடந்தே போனாள். நடந்தாள் என்பதைவிட, கால் தரையில் பாவவில்லை என்பதுதான் சரி.

பயணத்துக்கு முன்னால் அவளுக்கே மூன்று தடுப்பூசி போட வேண்டியிருந்தது. கூட வேலை பார்க்கும் சின்ன நர்ஸ் மருந்தை ஏற்றியதும் ஊசியக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்க்கா" என்றாள் சின்ன நர்ஸ். "பொய் சொல்லாதடி, பத்தொன்பது வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன்" என்றாள் ஊசியக்கா.

பிறகு அந்த நாட்டிலிருந்து, படிப்பின் களப்பணித் தலைவி வீடியோவில் கூப்பிட்டார். கணவனும் மகளும் கதவிடுக்கில் காதை வைத்திருந்தார்கள். ஊசியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மொழியிலேயே பேசினாள். அந்த அம்மாள் முதலில் கண்ணை விரித்தார், அடுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"ஒரு கொத்தனார்கிட்ட."

"அதானே பார்த்தேன்! வேலையாளுங்கள வெரட்டுற மாதிரியே பேசுறீங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் முகம் தொங்கிவிட்டது. அந்த அம்மாளோ சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "வருத்தப்படாதீங்க. இது ஆத்துத் தீவுங்கள்ல பேசுற பேச்சு. எங்க நகரத்துப் பிள்ளைங்களுக்கே இது வராது. உங்களைப் படகுக் குழுவுல போட்டுடுறேன். ஆமா, நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அஞ்சு வாரம் இருக்கு. கத்துக்கிட்டு வந்துடுங்க."

அவ்வளவுதான், வீடே அமர்க்களப்பட்டது. விடுமுறை நாள்தோறும் நகராட்சி நீச்சல் குளம். மகள் தண்ணீருக்குள், கணவன் கரையில். "கையை வீசு! காலை உதை! பிரேக் போடாத!" என்று அவன் பஸ் ஓட்டுகிற ஞாபகத்திலேயே கத்தினான். முதல் வாரம் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. நாலாவது வாரம், குளத்தின் குறுக்கே தனியாக நீந்திப் போய் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டாள். திரும்பிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, "தொட்டுட்டேன்! பார்த்தீங்களா, தொட்டுட்டேன்!" என்று குளமே அதிரக் கூவினாள்.

புறப்பட்டுப் போய்ப் பன்னிரண்டாம் நாள், வீட்டுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் படகு மோட்டார் தடதடவென்று இரைந்தது. அதற்கு மேலே அவள் குரல்.

"சாப்பிட்டீங்களா? நான் முதல் வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன். உள்ள அஞ்சு பிள்ளைங்க. நான் கேட்டதெல்லாம் அவங்களுக்குப் புரிஞ்சுது, அவங்க சொன்னதுல எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. பரவால்ல, நாளைக்கும் வர்றேன்னு சொல்லியிருக்கேன். இருங்க, அடுத்த வீடு வந்துடுச்சு, அப்புறம் பேசுறேன்!"

கணவன் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டான். நாலாவது தடவை போடும்போது அடுப்பில் ஏதோ கருகுகிற வாடை வந்தது.