ருசி பார்க்காத சம்பல்

நான் யாழ்ப்பாணத்தில் படிக்கப் போன முதல் வருஷம் தாக்குப்பிடித்தது அம்மாவின் கருவாட்டுச் சம்பலால்தான். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா நன்றாகத்தான் சமைத்தார். வீட்டு ஏக்கத்தில் எனக்குத்தான் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. ஒரு மாதத்திலேயே, "படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், நான் வந்துர்றேன்" என்று போனில் அழுதேன். "மொத வருஷப் பரீட்சையையாவது எழுதிட்டு வாம்மா" என்று அம்மா கெஞ்சினாள்.

அந்தக் கிழமையே, மலைநாட்டில் எங்கள் ஊரான மஹய்யாவையிலிருந்து வாராவாரம் சம்பல் வரத் தொடங்கியது. மாநகர சபை வேலை முடிந்ததும் அப்பா போத்தலைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டுபோய், யாழ்ப்பாண பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நான் பஸ் நிலையத்தில் காத்திருந்து வாங்கிக்கொள்வேன். அது இருந்தால் தட்டு நிறையச் சோறு உள்ளே போகும்.

ஆனால் அம்மாவின் கைப்பக்குவம் எங்கோ தொலைந்துபோயிருந்தது. ஒரு தடவை உப்புக் கரிக்கும். அடுத்த தடவை உப்பே இருக்காது. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, செஞ்சிட்டு ஒரு வாய் ருசி பாக்க மாட்டீங்களா?" என்று போனில் எரிந்து விழுந்தேன்.

"அவசரத்துல மறந்துட்டேன்டி. அடுத்த தடவ சரியாயிரும்."

சொன்னபடியே சரியாகவும் வந்தது. திட்டியதற்குப் பலன் கிடைத்ததென்று எனக்குப் பெருமை வேறு.

பரீட்சைக்கு முந்திய விடுமுறையில் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால், மழைத் தூறலில், மூன்று கல் வைத்த அடுப்பில் அம்மா கருவாடு வதக்கிக்கொண்டிருந்தாள். அப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். வதக்கி முடித்ததும் அம்மா ஒரு கரண்டியை மதிலுக்கு மேலாக நீட்டினாள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா, வாயில் போட்டுப் பார்த்து, "இப்ப சரியா ஈக்குது" என்றார். என்னைக் கண்டதும் அவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நீங்க பாஸாகும் வரைக்கும் ரெண்டு பேரும் மீன், எறச்சி தொட மாட்டாங்களாம் மகள். கோயில்ல நேத்தி வச்சிருக்காங்க. வீட்டு அடுப்புலயும் ஏத்த மாட்டாங்க. ருசி பாக்கிற வேல எனக்கு."

மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர் என் அப்பா. அவர் கருவாட்டு வாசனையில் நின்று குடை பிடிக்கிறார். அம்மாவோ, ஒவ்வொரு கிழமையும் கருவாட்டைத் தொட்ட பிறகு, அந்தக் குளிரிலும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றியிருக்கிறாள். இவர்களையா நான் திட்டினேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ சம்பல் வேணாம்னுருவ. அப்புறம் எதத் தின்னு படிப்ப?" என்றாள் அம்மா.

தங்களுக்கு விலக்கிக்கொண்டதை எனக்கு ஒரு கிழமைகூடத் தவறாமல் அனுப்பியவர்கள். அவர்களின் மன உறுதியில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் முதல் மாதமே அழுதிருக்க மாட்டேன்.

பரீட்சை எழுதினேன். சில மாதம் கழித்துப் பெறுபேறு வந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, அப்பாவ மீன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றேன்.

"என்னங்க, என்னங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே அம்மா வாசலுக்கு ஓடுவது கேட்டது.