அஞ்சாவது பேர்

நம்பினா நம்புங்க, நம்பாட்டி உங்க பாடு. இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. போன ஆனி மாசம், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடி ரூம்ல, பட்டப்பகல்ல நடந்தது இது.

மூக்காண்டி என் சேக்காளி; இது அவனே என்கிட்டச் சொன்னது. அந்த ரூம்லதான் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவன் அம்மா கோமதியம்மாளுக்கு முதல் மூணு பிள்ளையும் தொட்டில்லயே போயிட்டு. நாலாவதா இவன் பொறந்ததும் மூக்கைக் குத்தி இந்தப் பேரை வச்சா. மூக்குக் குத்தின பிள்ளையை எமன் தொடமாட்டான்னு நம்ம பக்கத்துல ஒரு நம்பிக்கை.

இப்போ அவன் பொஞ்சாதி விஜிதாவுக்கு ஆம்பளப்பிள்ளை பொறந்து பதினோரு நாள். பக்கத்து ஊரு திருவேங்கடத்துல, தாய்வீட்டுல இருந்தா. லிங்கேஷ்னு பேர் முடிவு பண்ணியிருந்தது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பேரனுக்கும் மூக்குக் குத்தச் சொல்லி கோமதியம்மாள் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினா. இவன் சிரிச்சான். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் எனக்கு ஆத்திரமா வருது.

அன்னைக்கு ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செஞ்சிட்டிருந்தான். திரையில இருக்கிற ஒரு கட்டத்துல அம்மா பேரைத் தேர்ந்தெடுத்தா, பக்கத்துக் கட்டத்துல அவ பிள்ளைக பேர் டேட்டாபேஸ்ல இருந்து வரிசையா வந்து விழணும். சோதிச்சுப் பார்க்கத் தன் அம்மா பேரைப் போட்டு, அவ பிள்ளைன்னு தன் பேரை மட்டும் ஏத்தினான்.

மணி 12.05. கட்டத்துல அம்மா பேரைத் தட்டினான். நாலு பேர் விழுந்துச்சு. மாடத்தி. சுடலைமணி. செல்லத்தாய். கடைசியில மூக்காண்டி.

டேட்டாபேஸைத் திறந்து பார்த்தான். ஒரே ஒரு பேர்தான் இருந்துச்சு. புரோகிராம்ல ஏதோ தப்புன்னு நினைச்சு, பக்கத்தைத் திரும்ப லோடு பண்ணினான்.

12.08. இப்போ அஞ்சு பேர். அஞ்சாவது... லிங்கேஷ்.

 மவுஸை விட்டுட்டான்.

டக்.

யாரும் தொடல. பேரைத் தேர்ந்தெடுத்தா விழுற நீல வரி தானா மாடத்தி மேல வந்து நின்னுச்சு.

டக்... சுடலைமணி.

டக்... செல்லத்தாய்.

அடுத்தது இவன்தான். கண்ணை மூடக்கூட பயம்.

டக்...

நீலம் இவனைத் தாண்டிப் போச்சு.

லிங்கேஷ் மேல நின்னுச்சு. 12.11.

போன் போட்டான்.

"விஜி, பிள்ளையப் பாரு."

"தூங்குதான்..."

அவ எந்திரிச்சுப் பிள்ளைகிட்டப் போற சத்தம். அந்தப் பக்கம் ஒரே அலறல்.

சாயங்காலம், பிள்ளையைக் குழிக்குத் தூக்கப்போற நேரம். கம்ப்யூட்டர்ல பார்த்ததை மூக்காண்டி அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல. கோமதியம்மாள் மெல்ல அவன் பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

"பேரைக் காதுல சொல்லி அனுப்புலே. பேரில்லாமப் போகக் கூடாது. முன்னால போன மூணுக்கும் நான் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

என்ன பேர்னு இவன் கேட்கல. அவளாத்தான் ஒண்ணொண்ணாச் சொன்னா.

"மாடத்தி... சுடலைமணி... செல்லத்தாய்..."

மூக்காண்டி பிள்ளையை மடியில வாங்கினான். காதுகிட்டக் குனிஞ்சான். பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரல.