ஜெரால்ட்டின் காலணிக்குள் ஒரு மேடு

"பாய், இந்தக் காலைக் கொஞ்சம் மிதிச்சிட்டு ஏறுங்க."

மூட்டையோடு வந்தவர் தயங்கி மிதிக்கிறார்.

"இன்னும் அழுத்தி."

அழுத்துகிறார். ஜெரால்ட் உதட்டைப் பிதுக்குகிறார். "ம்ஹூம், பஞ்சு விழுந்த மாதிரி இருக்கு. நீங்க ஏறுங்க."

போன மாதம் வரை இதுதான் அவருடைய வாடிக்கை. அந்தமானில், ரங்கத் பக்கமிருந்து லாங் ஐலண்ட் தீவுக்குப் போகும் படகில் அவர் கயிற்றுக்காரர். படகுத்துறையான ஜெட்டி நெருங்கியதும் கயிற்றோடு தாவி இறங்கி, இரும்புத் தூணில் சுற்றுவார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சுற்றி முடித்த பிறகு, யாராவது பார்த்தார்களா என்று ஒரு பார்வை பார்ப்பார்.

நாள் முழுக்க இரும்புத் தளத்தில், தேய்ந்து தட்டையான ஹவாய் செருப்பில் நின்ற கால் அது. மெல்ல மரத்துப்போனது. ஒருநாள் தாவியபோது, ஊன்றிய இடம் தெரியாமல் முழங்காலில் விழுந்தார்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா டிக்கெட் கிழிக்க உக்கார வெச்சிருவேன் அண்ணே" என்றார் படகின் மாஸ்டர் யோகராஜ்.

"உக்காரவா? அதுக்கு என்னைக் கடல்ல தள்ளிருங்க மாஸ்டர்."

மருத்துவர் சோதித்ததில் சர்க்கரை இல்லை. பாதத்தின் உள்வளைவு இறங்கி நரம்பை அழுத்துகிறது, வளைவைத் தாங்கும் காலணி வேண்டும் என்றார். மனைவி சுபிதா மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தார். ஜெரால்ட் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். நடுவில் மேடாக இருந்தது.

கப்பலில் வரும் பொருள் நசுங்காமல் தீவுக்கு வருவது அபூர்வம். பீரோவானாலும் குக்கரானாலும் தட்டி நிமிர்த்தித்தான் வீட்டுக்குள் வைப்பார்கள். ஜெரால்ட்டும் காலணியின் உள்மெத்தையை உருவி, அம்மிக்கல்லை ஏற்றி வைத்தார். மேடு மசியவில்லை. கத்தியை எடுத்தார்.

"என்ன பண்ணுதீய?" என்றார் சுபிதா.

"கப்பல்ல நெளிஞ்சிருக்கு புள்ள. சமமாக்குதேன்."

"ரெண்டு ஜூதாவும் ஒரே எடத்துலயா நெளியும்?"

"அதான் நானும் யோசிச்சேன். கப்பல் ரொம்ப ஆடியிருக்கும்."

"அந்த மேட்டுக்காகத்தான் வாங்குனதே. கத்தியக் கீழ வைங்க."

"கூழாங்கல்லு மேல நிக்கேன்" என்று காலணியைப் போட்ட புதிதில் ஜெரால்ட் முனகினார். பிறகு முனகல் குறைந்தது. நலமாக இருக்கும் உறுப்பை மனிதன் நினைப்பதில்லை. ஜெரால்ட் தம் காலை மறக்கத் தொடங்கியிருந்தார்.

இன்று நண்பகல், அலை கொஞ்சம் அதிகம். லாங் ஐலண்ட் ஜெட்டி மேலும் கீழுமாக ஆடுவதுபோல் தெரிந்தது.

"அண்ணே, ராக்கப்பன் தாவட்டும்" என்று யோகராஜ் குரல் கொடுத்தார். இன்னொரு கயிற்றுக்காரரான ராக்கப்பன் கையை நீட்டினார். ஜெரால்ட் கயிற்றைத் தரவில்லை. அலை படகைத் தூக்கிய கணத்தில் தாவினார். இரண்டு கால்களும் ஊன்றி நின்றன. கயிறு தூணில் ஏறியது. பிழையில்லாத தாவல், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

"சரி சரி, டிக்கெட்டை நானே கிழிச்சுக்கிறேன்" என்றார் யோகராஜ்.

இந்த முறை ஜெரால்ட் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து ஒரு காலணியைக் கழற்றினார். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். "அரே, சுடுதே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, அதே காலை மறுபடியும் அங்கேயே வைத்தார்.