கீச்சுவுக்குக் குரல் கொடுத்தவள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் குரலக்கா. திரையில் எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும், எந்தப் பொடியன் அடம்பிடித்தாலும் முக்கால்வாசி அவள் தொண்டைதான். சின்னப் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுக்கிறார்கள் என்பது படம் பார்க்கிற பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடுவதும் இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஜனங்கள் இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்படியிருக்க, ஒரு பள்ளிக்கூடப் படம் வந்து சேர்ந்தது. இந்த ரகப் படங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. யாரும் சீந்தாத ஒரு பையன், அவன் மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி, அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு பெண், ஓட ஓட விரட்டுகிற நாலு தடியன்கள். இரண்டு மணி நேரம் அவன் அசடு வழிவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், கடைசிப் பத்து நிமிடம் அவன் ஜெயித்ததும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். இந்தப் படத்துப் பையனுக்குப் பட்டப்பெயர் கீச்சு. குரல் உடைகிற வயது. நடித்தவனோ கல்லூரியை முடித்த கட்டைக்குரல்காரன். அதனால்தான் குரலக்காவைக் கூப்பிட்டார்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இயக்குநருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கார்ட்டூன் மாதிரி இருக்கிறதாம், நிஜப் பையன் வேண்டுமாம். கீச்சு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று, சும்மாதான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை மதியம்வரை பேசிப் பேசி அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. போதாக்குறைக்குப் பசி வேறு. எப்படியோ ஒழியட்டும் என்று, காலையில் தன் மகன் தடுமாறித் தடுமாறிப் பேசிவிட்டுப் போன அதே குரலில் அந்த வரியைப் பேசிவிட்டாள். "அதாவது... ஒண்ணுமில்ல... சும்மாதான் வந்தேன்." அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் கிறீச்சிட்டு, எச்சில் விழுங்கி, கடைசி வார்த்தை வெறும் காற்றாகப் போனது. இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். படம் முழுக்க இதே குரல் வேண்டும் என்றார். கொடுத்தாள். செய்கிறபோது ஒன்றும் உறுத்தவில்லை, வேலை முடிந்ததே என்றுதான் இருந்தது.

மகன் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியாது. அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. தொலைக்காட்சியில் முன்னோட்டம் ஓடியபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே நிறுத்தினான். இது நான்தானே என்று கேட்டான். இந்த வயதுப் பையன்கள் எல்லோருமே இப்படித்தான் பேசுவார்கள் என்று சாதித்தாள். அவன் அப்பா வேறு, விஷயம் புரியாமல், அந்த வரியைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்துவைத்தார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதோடு மகனின் நிம்மதி போனது. வகுப்பில் அவன் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்லக்கூட வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் நாலாபக்கமும் கீச்சு, கீச்சு. படத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறான் என்றும் ஏளனம் செய்தார்கள். யாரை யார் காப்பியடித்தது? கொட்டகையில் கீச்சு ஜெயித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டிய பிள்ளைகள்தான் இவர்கள். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

பொறுக்க முடியாமல் ஒரு நாள், வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனாள். வகுப்பு ஆசிரியை நல்லவர்தான். கேலியைக் கண்டிப்பதாகச் சொன்னார். பேச்சுவாக்கில், உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் ஆசிரியையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"நீங்களா அது? என் பொண்ணு நம்பவே மாட்டா. ஒரே ஒரு வரி பேசுங்களேன்," என்று கைபேசியை நீட்டினார்.

இத்தனை வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. எதற்காக வந்தோம் என்பது ஒரு நொடி மறந்தே போயிற்று. பேசிவிட்டாள். ஆசிரியர் அறையே கொல்லென்று சிரித்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு பேருந்துக்கு நின்றாள்.

ஆசிரியை மறுநாள் கைபேசியில் பதிந்த அதை வகுப்பிலேயே போட்டுக் காட்டினார். அவனுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் பையை வைத்துவிட்டு, அவள் எதிரில் நின்று, "என் குரலை நீதானா கொண்டுபோய்க் கொடுத்த?" என்று மட்டும் கேட்டான். அவள் வாய் திறப்பதற்குள் அறைக்குள் போய்விட்டான்.

பிறகு பேச்சே இல்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையாட்டல். பணம் வேண்டுமென்றால் கைபேசியில் செய்தி. கெஞ்சினாள், கத்தினாள், பிடித்ததை வாங்கிக்கொடுத்தாள், ஒரு நாள் அவனைப் பேசவைப்பதற்காகவே சண்டைக்கு இழுத்தாள். எதற்கும் மசியவில்லை. வயசுக் கோளாறு, விட்டுப் பிடி என்றார் கணவர். எதை விட, எதைப் பிடிக்க? ஒரு வார்த்தை, திட்டாகவாவது ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

மழைக்காலம் வந்து போனது. கீச்சு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள் என்று இயக்குநர் அழைத்தார். தொண்டை சரியில்லை என்றாள். மறுபடி அழைத்தார். ஊரில் இல்லை என்றாள். ஒரு காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவது முறையாக அழைத்தார். நீங்கள் இல்லாவிட்டால் படமே இல்லை அக்கா என்று குழைந்தார். என்னால் ஆகாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று வெட்டிவிட்டாள்.

"போய்ப் பேசும்மா," என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்.

கணவர் விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டாரே என்று திடுக்கிட்டுத் திரும்பினாள். மகன் நின்றிருந்தான்.

"அது இப்ப என் குரல் இல்ல," என்றான்.

ஆழமான, தடுமாற்றமே இல்லாத குரல். முன்பின் கேட்டிராத குரல். பேசிவிட்டானே என்று சந்தோஷப்பட நினைத்தாள், முடியவில்லை. அழுகையை வைத்தே குழந்தையின் வயதைச் சொல்லிவிடுகிற அவள் காதுக்கு, சொந்தப் பிள்ளையின் குரல் உடைந்து முடிந்தது தெரியாமலே போயிருந்தது.

"எப்படா மாறிச்சு?" என்று கேட்டாள்.

"நான் பேசாம இருந்தப்ப," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினான்.